தேங்காய் எடுத்துக்கொண்ட நேரம்

காலையில் நீந்தப் போகும் முன் இரண்டு பேரீச்சம்பழத்துக்கு மேல் சாப்பிடக் கூடாது என்பது என் அபிப்பிராயம். மூன்றாவது பழம் வயிற்றில் உட்கார்ந்துகொண்டு, தன்னை எதற்குத் தண்ணீருக்குள் கூட்டி வந்தாய் என்று கேட்கும். கிளப்பில் புதிதாகச் சேருகிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். அனுசுயா மேடம், நீங்கள் சேர்ந்த அன்றைக்கும் சொன்னேன். நீங்கள் கேட்காமல் பேக்கரியில் முட்டை பப்ஸ் சாப்பிட்டுவிட்டு வந்தீர்கள். அதற்குப் பிறகு நடந்ததை இங்கே எழுத வேண்டியதில்லை.

ஏரிப் போட்டியில் அருள்குமாருக்கு என்ன ஆனது என்று நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்கள் என்று கிளப் செயலாளர் என்கிற முறையில் நீங்கள் எனக்கு வெள்ளைத்தாள் கொடுத்திருக்கிறீர்கள். மற்றவர்களுக்கு ஒரு தாள் கொடுத்தீர்கள், எனக்கு மட்டும் பத்து. அதைக் கவனித்தேன். கவனிப்பதுதான் என் தொழில்.

திருப்பூர் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் டைம் ஸ்டடி ஆபீசர். ஒரு டெய்லர் ஒரு கை மூட்ட எத்தனை வினாடி, கழுத்துப் பட்டி வைக்க எத்தனை வினாடி என்று பக்கத்தில் நின்று அளந்து, அதை வைத்து லைனுக்கு டார்கெட் போட வேண்டும். இருபது வருடமாக இதைச் செய்கிறேன். கம்பெனியில் என்னைப் பார்த்ததும் சிரிக்கிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் முதலாளி. இன்னொருவர் பாண்டியம்மாள்.

பாண்டியம்மாள் ஓவர்லாக் டெய்லர். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு பிழைக்க வந்தவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் மெஷின் பக்கத்தில் நின்று நான் ஒரு மணி நேரம் அளந்தேன். நிமிடத்துக்கு இரண்டு பீஸ் வந்தது, எழுதிக்கொண்டேன். சாப்பாட்டு இடைவேளை முடிந்து தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தால் மூன்று போகிறது. போய்க் கேட்டேன். "நீங்க வாச்சைப் புடிச்சு நின்னா உங்களுக்குத் தைக்கேன் சார், நீங்க போனாத்தான் எனக்குத் தைக்கேன்" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. மரியாதைதான் வந்தது. ஒன்பது மணி நேரம் தைத்தும் சாயங்காலம் பஸ்ஸைப் பிடிக்கத் தெம்பாக நடந்துபோகிற ஒரே டெய்லர் அவர்தான். நிதானம் என்றால் என்ன என்று நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அவரிடம்தான் படித்தேன்.

இன்னொன்றையும் அந்தத் தையல் ஹாலில்தான் படித்தேன். ஒரு லைனிடம் போய், நேற்று மணிக்கு நூற்றுப் பத்து போட்டீர்கள் என்று சொன்னால், உண்மையில் நேற்றுப் போட்டது தொண்ணூற்றைந்தாக இருந்தாலும், இன்றைக்கு அவர்கள் நூற்றுப் பத்துக்கு ஓடுவார்கள். ஒருவருடைய வேகம் இவ்வளவு என்று கடிகாரம் வைத்திருப்பவன் சொல்லிவிட்டால் அவருடைய உடம்பு அதை நம்பிவிடும். இரண்டு நாள் ஓடும். மூன்றாம் நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு லீவு போடும். இதை நான் தப்பாகப் பயன்படுத்தியதில்லை. ஷிப்மெண்ட் நாட்களில் மட்டும்தான்.

இனி கிளப் விஷயம். ஏழு வருடத்துக்கு முன் நான்தான் இதை ஆரம்பித்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டர் நீச்சல், கரையேறிய ஈரத்தோடு தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், இறங்கிய காலோடு இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். இதைக் கேட்டு அன்றைக்கு ஊரே சிரித்தது. இன்று முப்பத்தெட்டு உறுப்பினர்கள். சங்கம் என்றால் சந்தா இருக்கும், சண்டை இருக்கும். திருப்பூர்ச் சங்கம் என்றால் கட்டாயம் ஒரு டீசர்ட் இருக்கும். வருடம் ஒரு டீசர்ட், முதுகில் அச்சு: கிளப் சாதனை, அதற்குக் கீழே பெயர், அதற்குக் கீழே நேரம். ஆறு வருடமாக அந்த இடத்தில் சரவணக்குமார் என்றுதான் இருக்கிறது. 6 மணி 12 நிமிடம்.

இது ஒரு சின்ன விஷயம் என்று நீங்கள் நினைக்கலாம். இந்த ஊரில் இருபது வருடமாக யார் யாரோ வெள்ளைக்காரன் பெயரைத் துணியில் அடித்து, மடித்து, பெட்டியில் போட்டு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். தன் பெயர் துணியில் ஏறிய ஆள் எத்தனை பேர்? நான் ஓட்டத்தில் மெதுவானவன். அதனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் கிளப் மொத்தமும் என்னைத் தாண்டித்தான் ஓடும். தாண்டுகிற ஒவ்வொரு முதுகிலும் என் பெயர் இருக்கும். முப்பத்தேழு சரவணக்குமார்கள் எனக்கு முன்னால் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நான் பின்னால் ஓடுவேன். அந்தச் சுகத்தை உங்களுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. கல்யாணத்தன்றுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

மெதுவாக ஓடுகிறவன் எப்படி ஆறு வருடம் சாதனையாளன் என்று கேட்கலாம். நிதானம்தான். பதறாத காரியம் சிதறாது. என்னைவிட வேகமான நான்கு பேர் இந்த ஆறு வருடத்தில் போட்டிக்குப் போனார்கள். நான்கு பேருமே பாதியில் உடைந்தார்கள். ரித்தீஷ் சைக்கிளிலேயே தன்னைத் தீர்த்துக்கொண்டு, ஓட்டத்தில் பதினான்காவது கிலோமீட்டரில் ஒரு இளநீர்க் கடை பெஞ்சில் படுத்துவிட்டார். அந்த நான்கு பேருக்கும் எந்தக் கட்டத்தில் எவ்வளவு வேகம் என்று அட்டவணை போட்டுக் கொடுத்தது நான்தான். அதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்காததற்கு நான் பதில் எழுதப் போவதில்லை.

அருள்குமார் என் தங்கை தமிழ்மதியின் கணவர். எங்கள் கம்பெனியிலேயே கட்டிங் இன்சார்ஜ். வயது முப்பத்தொன்று. தங்கையின் கணவரை ஒருமையில் பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை, ஆகவே இந்த வாக்குமூலத்திலும் அவரை அவர் என்றே எழுதுகிறேன். போன ஆடியில் ஒருநாள் வீட்டுக்கு வந்து, "ஏனுங்க மச்சான், நானும் அந்தப் போட்டிக்கு வரலாமுங்களா?" என்று கேட்டார். தங்கை பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். "கூட்டிட்டுப் போங்கண்ணா, ஊட்டுல சும்மா இருந்தா போனைத்தான் நோண்டறாரு" என்றாள். வரலாம் மாப்ள என்றேன். நல்ல மனதோடுதான் சொன்னேன்.

முதல் மாதம் சைக்கிளில் ஏற்றினேன். தொண்ணூறு கிலோமீட்டரை மூன்று மணி நேரத்தில் முடித்துவிட்டு, வழியில் காங்கேயத்தில் என் தங்கைக்கு எண்ணெய் வாங்க நின்றதில் பத்து நிமிடம் போய்விட்டது என்று வருத்தப்பட்டார். என்னுடைய சிறந்த நேரம் மூன்று மணி பத்து நிமிடம். நான் எண்ணெய் எதுவும் வாங்குவதில்லை. இரண்டாம் மாதம் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். ஒரு மணி நாற்பத்தெட்டு. எனக்கு இரண்டு மணி பத்து. ஓடி முடித்துவிட்டு அவர் திரும்பி ஓடி வந்தார், எனக்குத் துணையாக. நான் அவருடைய முதுகைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். டீசர்ட் நனைந்து என் பெயர் சுருங்கிக் கிடந்தது.

அன்று சாயங்காலம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சைக்கிளில் அவரைத் தடுக்க முடியாது. ஓட்டத்திலும் முடியாது. மிச்சம் இருந்தது தண்ணீர்தான்.

தண்ணீரில் அவர் எல்லோரையும்போல் கிணற்றில் கற்றவர். குதிப்பார், மூழ்குவார், மிதப்பார், கையை வீசிச் சத்தம் நிறையச் செய்வார். நகர்வது மட்டும் கொஞ்சம். நான் கல்லூரி நீச்சல் குளத்தில் சந்தா கட்டி வாரம் இரண்டு நாள் நீந்துகிறவன். அவரையும் அங்கே கூட்டிப்போயிருக்கலாம். ஆனால் போட்டி நடப்பது ஏரியில். திறந்த தண்ணீரில் பழகினால்தான் திறந்த தண்ணீர் கைவரும். இது சரியான வாதம், எந்தப் பயிற்சியாளரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஆகவே காங்கேயம் போகிற வழியில் பாசன வாய்க்காலுக்குக் கூட்டிப்போனேன். முறைத் தண்ணீர் விட்டிருந்த நேரம். ஒரு பாலத்திலிருந்து மூன்றாவது பாலம் வரை சரியாக ஆயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டர். நானே டேப் பிடித்து அளந்தேன். அவர் முதல் பாலத்தில் குதிப்பார். நான் கரை மேலே மொபெட்டில் கடிகாரத்தோடு கூடவே வருவேன். மூன்றாவது பாலத்தில் ஏறுவார்.

முதல் நாள் முப்பத்து நான்கு நிமிடம். அடுத்த வாரம் முப்பத்தொன்று. கிளப்பில் சொன்னபோது நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். எனக்கு நாற்பத்து நான்கு நிமிடம் ஆகும் தூரம்.

வாய்க்கால் ஓடுகிறது என்பது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. மாப்பிள்ளையும் தென்னந்தோப்புக்காரர் மகன், பாத்தி கட்டித் தண்ணீர் பாய்ச்சியவர். இரண்டாவது வாரமே கரையேறித் தலையைத் துவட்டிக்கொண்டு கேட்டார்: "மச்சான், தண்ணி தள்ளறதும் இதுல சேந்துதானுங்களே வருது?"

"அதெல்லாம் கழிச்சுத்தான் மாப்ள எழுதியிருக்கறேன்" என்றேன்.

அவ்வளவுதான். ஐந்து மாதப் பயிற்சியில் நான் சொன்ன ஒரே பொய் அது. டைம் ஸ்டடியில் எப்போதும் கழிவு உண்டு. டெய்லர் தண்ணீர் குடிக்க, நூல் மாற்ற, முதுகை நிமிர்த்த என்று எல்லாவற்றுக்கும் வினாடி ஒதுக்குவோம். அவருடைய கட்டிங் செக்‌ஷன் ஐந்து வருடமாக நான் கழித்துப் போட்ட எண்களில்தான் ஓடுகிறது. அதனால் அவர் மறு கேள்வி கேட்கவில்லை. "உங்களுக்குத் தெரியாததுங்களா" என்று மட்டும் சொன்னார்.

ஆனால் கழித்தால் எவ்வளவு வரும் என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அது தொழில் புத்தி. ஒரு சனிக்கிழமை நான் மட்டும் தனியாகப் போய், தோப்பு ஓரம் கிடந்த ஒரு நெற்றுத் தேங்காயை முதல் பாலத்தில் போட்டேன். மொபெட்டை உருட்டிக்கொண்டே அதன் கூட நடந்தேன். அது எங்கும் அவசரப்படவில்லை. ஒரு இடத்தில் கோரைப்புல்லில் சிக்கியது, குச்சியால் தள்ளிவிட்டேன், அந்த நாற்பது வினாடியை முறைப்படி கழித்தேன். மூன்றாவது பாலத்துக்கு வந்து சேர ஒரு மணி மூன்று நிமிடம்.

வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்து மூடுகிற லஸ்கர் நஞ்சப்பன் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க சார், இன்னைக்கு அந்த மாப்பிள்ளை வரலீங்களா?" என்றார். இல்லீங்க என்றேன். மிதந்து வந்ததைப் பார்த்துவிட்டு, "இதும் நல்லாத்தானுங்க நீஞ்சுது" என்றார்.

கணக்கு சுலபம். நீங்களே போட்டுப் பார்க்கலாம். தேங்காய்க்கு அறுபத்து மூன்று நிமிடம், மாப்பிள்ளைக்கு முப்பத்தொன்று. தண்ணீர் தள்ளுகிற வேகத்தைக் கழித்தால், நின்ற தண்ணீரில் மாப்பிள்ளையின் நீச்சலுக்கும் ஓடுகிற தண்ணீரில் தேங்காயின் நீச்சலுக்கும் ஒரே வேகம்தான். அறுபத்தொன்று, மிஞ்சினால் அறுபத்து மூன்று நிமிடம். அன்று மொபெட்டில் திரும்பி வரும்போது, வெகு நாளைக்குப் பிறகு பாட்டு முணுமுணுத்தேன்.

வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்ததும் பாட்டு நின்றது. போட்டியில் நீச்சலுக்குக் கெடு எழுபது நிமிடம். அறுபத்து மூன்று நிமிடத்தில் நிதானமாக வந்து ஏறினாலும் அவர் உள்ளே இருப்பார். அதற்கு மேல் அவருடைய சைக்கிள், அவருடைய ஓட்டம், நடுவில் உடை மாற்ற எட்டு நிமிடம். மொத்தம் ஆறு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார். தேங்காய் வேகத்தில் நீந்தினாலும் மாப்பிள்ளை என்னை ஜெயித்துவிடுவார் என்று தெரிந்தது. ஜனவரியில் முப்பத்தெட்டு டீசர்ட்டில் அருள்குமார் என்று அச்சாகும். அதில் ஒன்றை நானும் போட்டுக்கொண்டு ஓட வேண்டும்.

ஆகவே அவர் நிதானமாக நீந்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இதற்காக நான் புதிதாக எதுவும் செய்யவில்லை. ஏற்கனவே இருந்ததை ஒழுங்குபடுத்தினேன். தினமும் காலையில் நஞ்சப்பனுக்குப் போன் போட்டு வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்பேன். "மூணடி வருதுங்க" என்றால் நீச்சல் நாள். "ரெண்டடிதானுங்க" என்றால், "மாப்ள, இன்னைக்கு உடம்புக்கு ஓய்வு வேணும், சைக்கிள் எடுங்க" என்பேன். ஓய்வின் அருமையைப் பற்றி நிறையப் பேசுவேன். அவர் தங்கையிடம் போய், என்னைவிட மச்சானுக்குத்தான் என் உடம்பைப் பத்தி நல்லாத் தெரியுது என்று சொன்னாராம். தங்கை அதைப் போனில் சொல்லி அழாத குறை. "கூடப் பொறந்தவன்னா இப்படித்தாண்ணா இருக்கோணும்" என்றாள். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பாராட்டை யார்தான் வேண்டாம் என்பார்கள்?

தேங்காயையும் நிறுத்தவில்லை. தண்ணீர் மட்டம் மாறினால் கழிவும் மாறுமே. மொத்தம் பதினொரு தடவை போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றையும் தேதி, மட்டம், நிமிடம் என்று நோட்டில் எழுதி வைத்தேன். மறைத்து எழுதவில்லை, தேங்காய் என்றே எழுதினேன். ஆள் கெட்டாலும் பதிவேடு கெடக் கூடாது என்பது என் கொள்கை. அந்த நோட்டைத்தான் போட்டிக்கு முதல் நாள் மாப்பிள்ளையிடம் கொடுத்தேன், கடைசிப் பக்கத்தில் அவருடைய அட்டவணை இருந்ததால். முன் பக்கங்களைக் கிழித்துவிட்டுக் கொடுத்திருக்கலாம். இருபது வருடத்தில் எந்தப் பதிவேட்டிலும் ஒரு பக்கம்கூட நான் கிழித்ததில்லை, அதனால் அது எனக்குத் தோன்றவே இல்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கையெழுத்தால் கெட்டேன்.

ஏரிக்கரையில் நடந்ததை நீங்கள் பாதி பார்த்தீர்கள். எத்தனை நிமிடத்தில் நீந்துவீர்கள் என்பதைப் பொறுத்து வரிசை பிரித்திருந்தார்கள். முப்பது, முப்பத்தைந்து, நாற்பது என்று பலகைகள். மாப்பிள்ளை கூச்சப்பட்டு நாற்பதில் போய் நின்றார். நான்தான் தோளில் கைபோட்டு முப்பதுக்குக் கூட்டிப்போனேன். அங்கே நின்றவர்கள் எல்லாம் முதுகு அகன்ற ஆட்கள், மாப்பிள்ளை அவர்களுக்கு நடுவில் தறிக்குச்சி மாதிரி நின்றார். "இவிய கூடவே போங்க மாப்ள" என்றேன். "மூச்சு வாங்கற மாதிரி இருக்கும். அது பயம், மூச்சு இல்லை. வேகத்தை மட்டும் குறைச்சுராதீங்க." சரிங்க மச்சான் என்றார். என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆழம் அவருக்குத் தெரியும். வேகம்தான் தெரியாது.

நான் நாற்பத்தைந்தில் நின்றேன். என் இடம் அது.

நாற்பத்து மூன்று நிமிடத்தில் கரையேறினேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் தமிழ்மதி துண்டை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். எனக்கு முன்னால் ஏறிய ஒவ்வொரு முகத்தையும் பார்த்துப் பார்த்து அவள் முகம் வெளுத்திருந்தது. முப்பத்தொரு நிமிடத்தில் வரவேண்டியவர் இல்லையா? "அண்ணா, அவிய எங்கீங்க?" என்றாள்.

"வந்துட்டிருக்காரு கண்ணு, பின்னாடிதான்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன். நின்று பேசினால் ஒரு நிமிடம் போய்விடும். மூன்று கட்டங்களுக்கும் நடுவே ஆகிற நேரம் யார் கணக்கிலும் வராமல் திருட்டுப் போகிற நேரம், அதில்தான் போட்டிகள் தோற்கின்றன என்று உங்களுக்கே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

நான் சைக்கிளில் இரண்டாவது கிலோமீட்டரில் இருக்கும்போது எதிர்க்கரையில் அவரை ஆம்புலன்சில் ஏற்றினார்கள் என்று பிறகு தெரிந்தது. மீட்புப் படகுக்காரர் தலைமுடியைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார். நுரையீரலில் ஏரித் தண்ணீர். ஆஸ்பத்திரியில் நான்கு நாள், அதில் இரண்டு நாள் ஆக்சிஜன். இப்போது தேறிவிட்டார், படி ஏறினால் மட்டும் இருமுகிறார். நான் ஆறு மணி ஒன்பது நிமிடத்தில் முடித்தேன். என் சாதனையை நானே மூன்று நிமிட வித்தியாசத்தில் முறியடித்தேன். கழுத்தில் பதக்கத்தோடுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன், கழற்ற மறந்துவிட்டது.

அங்கே அவருடைய பையை நீங்கள் பிரித்தீர்கள். சைக்கிளில் போகும்போது தின்பதற்காக ஒரு சின்ன டப்பாவில் தேங்காய்ச் சில்லு இருந்தது. என் தங்கை பல்லுப் பல்லாக நறுக்கி வைத்தது. இது எதற்கு என்று நீங்கள் கேட்டீர்கள். மாப்பிள்ளை ஆக்சிஜன் குழாயை விலக்கிக்கொண்டு சொன்னார்: "மச்சான் நோட்டுல போட்டிருந்தாருங்க. தேங்காய், ஒரு மணி மூணு நிமிசம்னு. அந்நேரத்துக்குத் தின்னோணும்னு நெனைச்சேனுங்க."

நீங்கள் நோட்டைப் புரட்டினீர்கள். பதினொரு தேங்காய், பதினொரு தண்ணீர் மட்டம். நீங்கள் எம்பிராய்டரி யூனிட் நடத்துகிறவர், எண்களைப் படிக்கத் தெரிந்தவர். முகம் மாறியது. ஆனால் யாருக்கும் காட்டாமல் நோட்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டீர்கள். அந்த மரியாதைக்கு நன்றி.

டீசர்ட் ஆர்டர் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், என் பெயரைப் போட்டுத்தான் கொடுத்தேன். போட்டிக்கு மூன்று நாள் முன்பே கொடுத்தேன். பொங்கல் நெருங்கினால் பிரிண்டிங்காரர்கள் கையில் கிடைக்க மாட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். நேரத்தை மட்டும் காலியாக விடச் சொல்லியிருந்தேன்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். தண்ணீருக்குள் அருள்குமாரை நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டு, அதன் அடியில் கோடும் போட்டிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் எல்லோர் முன்னாலும், நீச்சல் கண்ணாடி மங்கியிருந்தது, எல்லாத் தொப்பியும் ஒரே நிறம், யாரையும் பார்க்கவில்லை என்றேன். அப்போது மாப்பிள்ளையே எனக்காகப் பேசினார். "ஏரிக்குள்ள எங்கீங்க ஆளு அடையாளம் தெரியும்? யாரோ ஒருத்தரு என்னை ஒட்டித்தான் போனாரு. நான்கூடக் கூப்பிட்டேன். பாவம், அவருக்குக் காது கேக்கலையாட்ட இருக்குது" என்றார். அடுத்த முறைத் தண்ணீர் விட்டதும் மறுபடி வாய்க்காலில் ஆரம்பிக்கலாமுங்க மச்சான் என்றும் சொன்னார். அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை உங்கள் பத்துத் தாளும் வெள்ளையாகவே திரும்பி வந்திருக்கும்.

அவர் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. முதல் மிதவையைத் தாண்டி நூறு மீட்டர். தலையைப் பின்னால் சாய்த்து, வாய் மட்டும் தண்ணீருக்கு மேலே. கையைத் தூக்கப் பார்க்கிறார், கை வரவில்லை. எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு கட்டிங் டேபிள் அகலம்கூட இல்லை. யார் என்று தெரியாமல் அவர் கூப்பிடவில்லை, மேடம். பிறகு மறந்துவிட்டார், அல்லது மறந்ததாகச் சொல்கிறார். மச்சான் என்றுதான் கூப்பிட்டார், இரண்டு தடவை. படகு எழுபது, எண்பது மீட்டரில் இருந்தது. நான் கையை உயர்த்தியிருந்தால் போதும். அதற்கு எத்தனை வினாடி ஆகும் என்று யோசித்தேன். இருபது என்று வந்தது. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டேன்.

என் கடிகாரம் நூறு நூறு மீட்டராக எல்லாவற்றையும் பதிவு செய்திருக்கிறது. கிளப் செயலியில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒவ்வொரு நூறும் இரண்டு நிமிடம் பதினெட்டு, பத்தொன்பது வினாடி, தொடக்கத்திலிருந்து முடிவு வரை நூல் பிடித்ததுபோல் இருக்கிறது. எட்டாவது நூறு மட்டும் ஒரு நிமிடம் நாற்பத்தொன்பது. அவ்வளவு வேகமாக நான் வாழ்க்கையில் நீந்தியதில்லை. ஏழு வருடமாக உங்கள் எல்லோருக்கும் நிதானத்தைச் சொல்லிக்கொடுத்தவன், அந்த நூறு மீட்டரில் நிதானம் தவறிவிட்டேன். என் பக்கம் நடந்த தவறு அது ஒன்றுதான். அதை ஒப்புக்கொள்கிறேன்.